சலவை இயந்திரமும் திறந்த வரைபடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வீவக வீட்டில் சலவை இயந்திரம் நின்றுபோனது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுதான் பழுது. பார்க்க வந்த தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, "இதோட வரைபடம் வெளியில கிடைக்காதுண்ணே, முழு போர்டையும் மாத்தணும்" என்றார். விலையைக் கேட்டேன். கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புது இயந்திரமே வந்துவிடும் போலிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் இருக்கிறது. திறந்த வன்பொருள் என்கிறார்கள். ஒரு கருவியின் சர்க்யூட் வரைபடம், பாகங்களின் பட்டியல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிடுவது. யாரும் செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்.

அப்படியானால் காசு எங்கிருந்து வரும்? 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் பிறந்த ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போர்டைப் பாருங்கள். போர்டின் வடிவமைப்பு எல்லாருக்கும் பொது, பெயர் மட்டும் அவர்களுடைய வணிகக்குறி. மலிவான நகல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் அசலை வாங்க ஆள் இருக்கிறது. நகலை வாங்கிப் பழகியவர்களை நம்பியே சென்சார் விற்பவர், பாடம் நடத்துபவர் என்று ஒரு சந்தையும் வளர்ந்துவிட்டது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் கதை இன்னும் சுவையானது. அதே 2005-இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார். தன்னுடைய பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரம்! பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் முறைக்கான முக்கியக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. பல்லாயிரம் வெள்ளிக்கு விற்ற சாதனம் சில நூறு வெள்ளிக்கு இறங்கியது. செக் நாட்டு ஜோசப் புரூசா அந்தப் பொது வடிவமைப்பை மெருகேற்றியே பெரிய நிறுவனம் கட்டினார்.

மென்பொருளைப் போல இதைச் செலவில்லாமல் நகலெடுக்க முடியாது என்பதும் உண்மை. நான் ஒருமுறை ஐந்து சர்க்யூட் போர்டுகளை அச்சடித்து வரவழைத்தேன். வயரைச் செருகும் ஒரு கனெக்டரின் கால்களைத் தலைகீழாக வரைந்திருந்தேன். ஐந்தும் குப்பைக்குப் போயின. வரைபடத்தை முன்பே நாலு பேர் பார்க்கப் போட்டிருந்தால் ஒருவராவது கண்டுபிடித்திருப்பார். கூடி உழைப்பதில் எனக்குத் தெரிந்த நேரடி லாபம் அதுதான்.

சிங்கப்பூரில் வாடகையும் சம்பளமும் அதிகம். லட்சக்கணக்கில் செய்து குவிப்பது நமக்குச் சரிப்படாது. ஆய்வகத்துக்குப் பத்து, மாடித் தோட்டத்துக்கு ஐம்பது என்று கேட்டபடி செய்து கொடுப்பது சரிப்படும். இங்கே வசிக்கும் வன்பொருள் பொறியாளர் பன்னி ஹுவாங், ஷான் கிராஸ் என்ற நண்பரோடு சேர்ந்து உருவாக்கிய நொவீனா மடிக்கணினிக்கு 2014-இல் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டினார். அதன் சர்க்யூட் வரைபடம் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. பெயரே நம் நொவீனா வட்டாரத்தின் பெயர்தான்!

அப்புறம், அந்தச் சலவை இயந்திரம். போர்டை மேசையில் வைத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்து நானே வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. சந்தேகமாக இருந்த ஒரு ரிலேவுக்கு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்கு, சிம் லிம் டவரில் மாற்று வாங்கி வைத்திருக்கிறேன். இயந்திரம் ஓடும்வரை துணியெல்லாம் கையில்தான் துவைக்கிறோம்.

வணக்கம்.