ஷேக்ஸ்பியர் நாடகத்தில் காலை வாரும் சொற்கள்

வணக்கம் நண்பர்களே. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களை எடுத்தாலே பலருக்கும் பழைய சொற்கள்தான் பயம். உண்மையில் ‘ஃபார்டெல்’, ‘பாட்கின்’ மாதிரி கேள்விப்படாத சொற்களால் ஆபத்தே இல்லை. அடிக்குறிப்பைப் பார்த்தால் ஒன்று மூட்டை, இன்னொன்று குத்துவாள் என்று போட்டிருக்கும். முடிந்தது. நமக்குத் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போகிற சொற்கள்தான் காலை வாரும்.

ஹாம்லெட், முதல் அங்கம், நான்காம் காட்சி. அப்பாவின் ஆவி கூப்பிடுகிறது, கூட இருப்பவர்கள் ஹாம்லெட்டைப் போகவிடாமல் பிடிக்கிறார்கள். என்னை ‘லெட்’ செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். ‘விடுகிறவனை’ என்று இன்றைய பொருளில் படித்தால் வரியே தலைகீழ். அந்த ‘லெட்’ வேறு சொல். தடுப்பது என்று பொருள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: ‘தவ்’, ‘யூ’. சர்ச் ஜெபங்களில் கேட்டுப் பழகியதால் ‘தவ்’ ஏதோ மரியாதைச் சொல் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது ‘நீ’. ஒருவரிடம் பேசும்போது ‘யூ’ என்றால் பெரும்பாலும் ‘நீங்கள்’. இன்றைய ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் போய்விட்டது. நமக்கோ இது தினசரிப் பேச்சு, அதனால் தமிழ்க் காதோடு படித்தால் காட்சி சட்டென்று சூடேறும்.

கிங் லியர் முதல் காட்சியையே பாருங்கள். கென்ட் ஒரு பிரபு. நிறைந்த சபையில், அரசரைப் பார்த்து, ‘தவ்’ போட்டு, “என்ன செய்யப் போகிறாய், கிழவா?” என்கிறார்! அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர். அந்த ஒருமை அரசரின் முகத்தில் எப்படி அறைந்திருக்கும்!

ஆனால் ஒருமை என்றாலே அவமதிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதலர்களுக்குள் ‘தவ்’ வரும், கடவுளிடம் வரும், கடுங்கோபத்திலும் வரும். யார், யாரிடம், எந்த நிமிடத்தில் மாற்றுகிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஹாம்லெட்டின் மூன்றாம் அங்கத்தில் அம்மா ‘நீ’ என்று கடிந்துகொள்கிறாள். மகன் அவள் வாக்கியத்தையே ‘நீங்கள்’ போட்டுத் திருப்பித் தருகிறான். எவ்வளவு குளிர்ந்த மரியாதை அது!

சரி, லியரின் அதே முதல் காட்சியைப் பென்சிலோடு படித்துப் பாருங்கள். கடைசி மகள் கார்டீலியாவிடம் ‘யூ’ என்று பேச ஆரம்பிக்கும் லியர், எந்த வரியில் ‘தவ்’வுக்கு மாறுகிறார்? கமென்ட்டில் எழுதுங்கள்.