"நீதானே போனாய்?"

நடுவர் அவர்களே, வணக்கம். தானே விரும்பி வெளிநாட்டில் குடியேறியவருக்கு உளச்சிகிச்சை அவசியமா, காலம் போனால் எல்லாம் பழகிவிடுமா என்பது தலைப்பு. அவசியம் என்று பேச வந்திருக்கிறேன்.

காலம் போனால் பழகிவிடும் என்று சொல்ல, எதிரணித் தோழி ஓபெர்க் என்ற மானிடவியலாளரைத் துணைக்கு அழைத்தார். கலாச்சார அதிர்ச்சி பற்றி காலெர்வோ ஓபெர்க் 1960-இல் எழுதியது உண்மை. முதலில் எல்லாம் இனிக்கும், அப்புறம் எரிச்சல் வரும், மெல்ல மீண்டு கடைசியில் பழகிப்போகும். சரி, ஏற்கிறேன். ஆனால் அது போய்ச் சேர்ந்த ஊரோடு பழகுகிற கதை. எல்லாம் பழகிப்போன எட்டாவது வருடத்திலும் நடுராத்திரி ஃபோன் அடித்தால் நெஞ்சு திக்கென்கிறதே, அது எந்தக் கட்டம்?

பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதுபோன்ற வலிக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அம்மா உயிரோடு இருக்கிறார், தினமும் திரையில் தெரிகிறார். அவர் கையைத்தான் பிடிக்க முடியாது. யாரும் இறக்கவில்லை, அதனால் துக்கம் விசாரிக்கவும் யாரும் வருவதில்லை. விரும்பிப் போனவர் வாயைத் திறந்தாலே, "நீதானே போனாய்?" என்கிறார்கள். கொஞ்ச நாளில் அதே கேள்வியை அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டு வாயை மூடிவிடுகிறார். தோழி நம்புகிற காலம் அந்த மௌனத்தைத்தான் இறுக வைக்கிறது.

உளச்சிகிச்சையிலும் அதே கேள்வி வரும். ஆனால் அங்கே அது குற்றச்சாட்டு இல்லை, ஏன் போனோம் என்று புரிந்துகொள்ளும் தேடல். கிரெக் மேடிசன் என்ற உளவியலாளர், தாமாக நாடு விட்டுப் போனவர்களிடம் உட்கார்ந்து பேசினார். பிறந்த வீட்டிலேயே அந்நியராக உணர்ந்தவர்கள், தாம் தாமாகவே வாழ இடம் தேடிப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். சம்பளம் மட்டும் காரணமாக இருக்கவில்லை. இதை நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். இங்கிருப்பவர் "திரும்பி வந்துவிடு" என்பார், அங்கிருப்பவர் "எல்லோருக்கும் அப்படித்தான்" என்பார். இருவரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, மொழி. துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் பேசுபவர்களிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, சிறுவயதில் கேட்ட அதட்டல்களைத் தாய்மொழியில் கேட்கும்போது உடல் அதிகம் அதிர்வதைத் தோலின் மின்கடத்தலை அளந்தே காட்டியது. வந்த நாட்டின் மொழியில் தன் கதையைக் கண் கலங்காமல் சொல்லி முடிப்பவர் ஆறிவிட்டார் என்று நாம் நினைத்துவிடுகிறோம். நல்ல சிகிச்சையாளர் அங்கே நிறுத்தி, "அப்பா அன்று என்ன சொன்னார்? அவர் சொன்ன மொழியிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை" என்பார். அந்த நிமிடம் அவருக்கு வாய்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன், நடுவர் அவர்களே.