புதன்கிழமை முட்டினால் திங்கட்கிழமைக்குப் போ

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் கால அட்டவணை போடும் வேலை என் தலையில் வந்து விழும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிற ஆசிரியைக்கு முதல் பாடவேளை கூடாது. ஆய்வகம் ஒன்றுதான், இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் நுழையக் கூடாது. செய்முறைக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள் வேண்டும். பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தால் மூன்று நாள் போய்விடும்.

‘இந்த ஆசிரியைக்கு இந்த வேளையில் இந்த வகுப்பு’ என்பது ஒரு கூற்று. அது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஒரு நிபந்தனையையும் மீறாமல் எல்லாக் கூற்றுகளுக்கும் உண்மை, பொய் என்று குறித்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்குத்தான் கணினித் துறையில் ‘சாட்’ என்று பெயர். கூற்றுகள் நூறே நூறு என்றாலும், குறிக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 31 இலக்கம் வரும். விடையைச் சரிபார்க்க எளிதாகவும் தேடிப் பிடிக்கக் கடினமாகவும் இருக்கிற கணக்குகளின் பெருங்குடும்பம் முழுவதையும் சாட் கேள்வியாக மாற்றி எழுதலாம் என்று 1971இல் கணினி அறிஞர் ஸ்டீபன் குக் நிறுவினார். எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் விரைந்து முடிக்கும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. ஆனாலும் பல லட்சம் கூற்றுகள் கொண்ட தொழில்துறைக் கணக்குகள் இன்று சாதாரணக் கணினியிலேயே தீர்கின்றன. எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

1962இல் வந்த பழைய முறை என் பென்சில் முறைதான். ஒன்றை ஊகி, அதனால் கட்டாயமாகிறவற்றை நிரப்பு, முட்டினால் கடைசியாக எழுதியதை அழி. இதில் ஒரு கொடுமை உண்டு. புதன்கிழமை ஆய்வகத்தில் முட்டுகிறது. கோளாறோ திங்கட்கிழமை எடுத்த இரண்டு முடிவுகளில் இருக்கிறது. அது தெரியாமல் செவ்வாய்க்கிழமையை நூறு விதமாக மாற்றிப் பார்த்து, நூறு முறையும் அதே சுவரில் மோதுவேன்.

1996இல் மார்க்கெஸ் சில்வா, கரீம் சகல்லா என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். முட்டிய இடத்தில் நின்று, ‘எது எதனால் கட்டாயமானது?’ என்று நூல் பிடித்துப் பின்னால் போக வேண்டும். திங்கட்கிழமையின் அந்த இரண்டு முடிவுகளில் போய் நிற்போம். ‘இவை இரண்டும் சேர்ந்து வரக் கூடாது’ என்று புதிய நிபந்தனையாக எழுதிக்கொண்டு, செவ்வாயைத் தாண்டி நேரே திங்களுக்குக் குதிக்க வேண்டும். நான் கற்பித்தவற்றில் இதைவிட அழகானது வேறு இல்லை.

2001இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘சாஃப்’ என்ற சாட் நிரல் வேகத்தைக் கூட்டியது. நிபந்தனை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் இரண்டே கூற்றுகளைக் கண்காணித்தால் போதும். அவை பொய்யாகாதவரை மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. அண்மையில் முட்டலுக்குக் காரணமானவற்றையே முதலில் ஊகிக்கும் வழக்கமும் அதில் வந்தது.

இந்த வேகம் எங்கே பயன்படுகிறது? 1994இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் கணினிச் சில்லில், வகுத்தல் கணக்கில் பிழை வெளிப்பட்டது. அந்த நிறுவனம் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. இன்று சில்லு வடிவமைப்பில் ‘இந்தப் பிழை நிகழ வழி உண்டா?’ என்று சாட் நிரலிடம் கேட்கிறார்கள். அங்கே ‘இல்லை’ என்பதே எல்லோரும் காத்திருக்கும் விடை.

அந்த ‘இல்லை’யை நம்புவதற்குச் சான்று வேண்டும் அல்லவா? 2016இல் ஒரு கணிதக் கேள்வி தீர்ந்தது. 1 முதலான எண்களுக்கு இரண்டு வண்ணம் பூச வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து போல, முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வருகிற பிதாகரஸ் மும்மை எதுவும் ஒரே வண்ணத்தில் அமையக் கூடாது. 7824 வரை முடியும், 7825 வரை முடியாது என்று சாட் நிரல் காட்டியது. சான்றின் அளவு 200 டெராபைட். மனிதர் எவரும் படித்து முடிக்க முடியாத அதை இன்னொரு நிரல் வரிவரியாகச் சரிபார்த்தது.

இத்தனை ஆற்றலுக்கும் பிடிபடாத ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பெட்டியில் பத்துக் குழிகள். குழிக்கு ஒரு மாம்பழம். பதினோரு பழங்களை அடுக்க முடியுமா? நம் கடைவீதிச் சிறுவன் எண்ணிப் பார்த்து முடியாது என்பான். நான் சொன்ன முறைக்கோ எண்ணத் தெரியாது. அடுக்கி அடுக்கித்தான் பார்க்கும். குழிகள் கூடக்கூட அதன் சான்று அடுக்கடுக்காகப் பெருகுவதைத் தவிர்க்கவே முடியாது என்று 1985இலேயே ஆர்மின் ஹேக்கன் என்ற ஆய்வாளர் நிறுவிவிட்டார். எண்ணுவதையும் அதற்குக் கற்றுக்கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கைத்தான் என் மாணவர்களுக்கு இந்த வாரம் கொடுத்திருக்கிறேன்.