குளிசை உறையில் தமிழ் வேண்டும்

(வெள்ளவத்தையில் மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் வைத்தியப் பெருந்தகைகளே, இந்த மழையிலும் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அம்மையார் அவர்களே, மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்த அறங்காவலர்களே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

முடக்குவாதம் என்னும் மூட்டு நோய் ஏன் பெண்களை அதிகம் பிடிக்கிறது, அதற்கு மருந்து என்ன, எதை உண்ணலாம் என்று மூன்று விடயங்கள் பேச வந்தேன். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். களனி கங்கை பெருகிய பின் மண்மூட்டை தேடி ஓடியவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

முடக்குவாதத்தை முதுமைத் தேய்மானம் என்று எண்ணிவிடாதீர்கள். நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. முப்பது வயதிலும் வரும். ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் இருவர் மூவருக்கு வருகிறது. கர்ப்ப காலத்தில் தணிந்திருந்து, பிரசவத்துக்குப் பின் சீறுவதும் உண்டு.

என் அக்காவுக்கு ஒரு நாள் இடியப்ப உரலை அழுத்த முடியவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்கா. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம். "விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைக்கிறாய், அதுதான்" என்றார் அத்தான். பத்து மாதம் தைலத்தில் போயிற்று. அணை போட வேண்டிய மாதங்கள் அவை! பிறகுதான் இரத்தப் பரிசோதனை, மெதோட்ரெக்சேட் குளிசை. வாரத்தில் ஒரே ஒரு நாள் குடிக்க வேண்டிய மருந்து அது. மருந்தகத்தில் உறையின் மேல் ஆங்கிலத்தில் கிறுக்கிக் கொடுத்தார்கள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அக்கா, மற்றக் குளிசைகளைப் போலவே தினமும் குடித்தார். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. இரத்த அணுக்கள் சரிந்துவிட்டன. வார்டில் கட்டிலருகே நின்ற அத்தான் அந்த உறையை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பிழைத்தார். வைத்தியரின் கண்காணிப்பில் அதே மருந்தை இப்போது ஞாயிறுதோறும் குடிக்கிறார். அந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அமிலம் என்ற விட்டமின் குளிசை வேறொரு நாளில். மறுபடி இடியப்பம் பிழிகிறார். ஆகவே மருந்துக்குப் பயப்படாதீர்கள், தாய்மார்களே. ஆனால் கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். மெதோட்ரெக்சேட் சிசுவுக்குக் கேடு செய்யும். இந்த எச்சரிக்கையாவது தாய்மொழியில் வேண்டாமா?

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தச் சட்டம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தத் தமிழ் குளிசை உறைக்கு வந்து சேரவில்லை. "வாரம் ஒரு முறை" என்று எழுத மூன்று சொற்கள் போதும். வெள்ளம் வருமுன் போடக்கூடிய அணை இதுதான், சபையோரே!

உணவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். சுகாதார அமைச்சுக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா பிடிக்க விரல் நோகிறவர்கள் பெருவிரல் அடையாளம் இடலாம், மை வைத்திருக்கிறோம்.