ஓகாரமா, ஆகாரமா?

அனைவருக்கும் வணக்கம்.

நெருக்கமான ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய எல்லோரும் முதலில் அகராதியைத்தான் புரட்டுகிறோம். 'டவுட்' என்று தேடினாலும் 'சஸ்பெக்ட்' என்று தேடினாலும் 'சந்தேகி' என்றே இருக்கும். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'ஐ டவுட் தட் ஹி டுக் த மனி' என்றால், அவர் பணத்தை எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி டுக் த மனி' என்றால், அவர்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒருவருக்காகப் பரிந்து பேசப் போய், அவரையே மாட்டிவிடலாம்!

இதற்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. "எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்", "எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்" என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓகாரம் வந்தால் 'சஸ்பெக்ட்', ஆகாரம் வந்தால் 'டவுட்'. நாம் ஓர் இடைச்சொல்லில் முடிக்கும் வேலைக்கு ஆங்கிலம் தனி வினைச்சொல்லே வைத்திருக்கிறது. "வருவாரோ, மாட்டாரோ" என்று ஓகாரம் இரட்டித்தால் இரண்டுமே வேண்டாம். 'ஐ ஆம் நாட் ஷூர்' போதும்.

வகுப்பில் எழுந்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கு. அதைப் பிழை என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் பிரிட்டன்காரர் காதில், 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்பதுபோல் விழக்கூடும். அவர்களிடம் 'க்வெஸ்சன்' என்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 'ஸ்டீல்', 'ராப்'. இங்கே வேற்றுமை உருபைக் கவனியுங்கள். "பணத்தைத் திருடினார்கள்" என்று 'ஐ' உருபு ஏற்கும் பொருள் 'ஸ்டீல்' என்பதற்குப் பின் வரும். "வங்கியில் திருடினார்கள்", "அவரிடம் பறித்தார்கள்" என்று 'இல்', 'இடம்' ஏற்பவை 'ராப்' என்பதற்குப் பின் வரும். பறிபோன பொருளையும் சேர்த்துச் சொல்ல 'ஆஃப்' தேவை: 'தே ராப்டு ஹிம் ஆஃப் ஹிஸ் வாட்ச்'. பர்ஸைப் பறிகொடுத்தவர் 'ஐ வாஸ் ராப்டு' என்றுதான் புகார் சொல்லவேண்டும். 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்றால் ஆளையே தூக்கிக்கொண்டு போனதாக ஆகும்.

கடனுக்கும் இதே கணக்குத்தான்: "அவரிடம்" என்றால் 'பாரோ', "அவருக்கு" என்றால் 'லெண்ட்'.

'எ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள். அந்த 'எ' விழுந்தால் சிலரே வந்தார்கள். அறிக்கையில் இந்த ஓரெழுத்தை விட்டால், ஓரளவு நடந்த கூட்டம் தோற்ற கூட்டமாகிவிடும்.

உருபும் இடைச்சொல்லும் உதவாத இடமும் உண்டு. 1066-இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையில் பிரெஞ்சும், தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீனும் கோலோச்சின. பழைய ஆங்கிலம் மக்கள் வாயில் நிலைத்தது. அதனால்தான் கேட்பதற்குப் பழைய ஆங்கிலத்தின் 'ஆஸ்க்', பிரெஞ்சு வழி வந்த 'க்வெஸ்சன்', லத்தீன் வழி வந்த 'இன்டராகேட்' என்று அடுக்கடுக்காகச் சொற்கள். முதலாவது அன்றாடப் பேச்சு. இரண்டாவது வினைச்சொல்லாக வரும்போது சற்று விறைப்பானது. மூன்றாவதில் காவல்துறை விசாரணையின் வாடை அடிக்கும். இங்கே பொருளைவிட நடைதான் வேறுபடுகிறது; அதற்கு மாணவர் அகராதியில் 'ஃபார்மல்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே எடுத்துக்காட்டு வாக்கியத்தில் யார் யாரைக் கேட்கிறார் என்றும் பாருங்கள். நண்பரிடம் மணி கேட்க 'ஆஸ்க்' தாராளம்.