"குட் அண்ட் ரெடி"ன்னா "நல்லா இருக்கேன், ரெடியா இருக்கேன்"னு அர்த்தமா?

அடுத்த கேள்வி இங்கிலாந்துல ஒரு முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிற சகோதரிகிட்டேர்ந்து வந்திருக்கு. அவங்க எழுதினதை அப்படியே படிச்சிடறேன்.

"சார், நான் கவனிச்சுக்கிற பாட்டிக்கு 86 வயசு. காலையில குளிக்கக் கூப்பிட்டேன். 'ஐ வில் கெட் அப் வென் ஐ ஆம் குட் அண்ட் ரெடி'ன்னாங்க. குட், ரெடி ரெண்டும் காதுல விழுந்ததும், உடம்பு நல்லா இருக்கு, தயாராவும் இருக்காங்கன்னு நினைச்சுப் போர்வையை எடுத்துட்டேன். பாட்டிக்கு அப்படி ஒரு கோவம்! அன்னைக்குச் சாயங்காலம் டீ கொடுத்தா, அதே பாட்டி 'நைஸ் அண்ட் ஹாட்'னு சொல்லிச் சிரிக்கிறாங்க. நடுவுல இந்த அண்ட் எதுக்கு சார் வருது?"

ரொம்ப நல்ல கேள்வி சகோதரி. பத்து வருஷம் இங்கிலீஷ் படிச்சவங்களும் தடுக்கி விழற இடம் இது. ஏன்னா நமக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்: அண்ட்னா "உம்". ராமனும் லட்சுமணனும். அந்தக் கணக்குல பார்த்தா நீங்க புரிஞ்சுக்கிட்டதுல தப்பே இல்லை.

ஆனா இங்க வர்ற அண்ட் ரெண்டு பொருளைச் சேர்க்கிற அண்ட் கிடையாது. குட் அண்ட், நைஸ் அண்ட் இதெல்லாம் ஒட்டிப்போன ஒரே துண்டு. பின்னாடி வர்ற வார்த்தையைத் தூக்கிக் கொடுக்கிறதுதான் அதோட வேலை. காதைக் கொடுத்துக் கேளுங்க, பாட்டி அண்ட்னு முழுசா சொல்லியிருக்க மாட்டாங்க. "நைஸ்ன் ஹாட்", "குட்ன் ரெடி" அப்படித்தான் வாயில வரும். அழுத்தம் ஹாட் மேல, ரெடி மேல விழும். முன்னாடி இருக்கிறது அதுக்கு முட்டுக்கொடுத்து நிக்குது.

இன்னும் ஒரு சோதனை இருக்கு. வார்த்தையைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. "ஹாட் அண்ட் நைஸ்"னா சூடாவும் இருக்கு, நல்லாவும் இருக்குன்னு ரெண்டு விஷயம் ஆயிடும். முன்னாடி "போத்" போட்டாலும் அதே கதிதான்.

இப்போ நம்ம வீட்டுக்கு வாங்க. "காபி நல்லா சூடா இருக்கு"ன்னு நீங்க சொன்னா, காபி நல்லா இருக்கு, சூடாவும் இருக்குன்னு யாராவது பிரிச்சு எடுத்துக்குவாங்களா? மாட்டாங்க. அந்த "நல்லா" சூட்டோட அளவைச் சொல்லுது. சும்மா அளவை மட்டும் இல்லை, எனக்குப் பிடிச்ச அளவுல சூடா இருக்குன்னு ஒரு திருப்தியும் அதுல இருக்கு. நைஸ் அண்ட் ஹாட்னா அச்சு அசல் அதேதான். அதனால நைஸ் அண்டை "ரொம்ப"ன்னு மொழிபெயர்த்துப் படிக்காதீங்க. வெரி ஹாட்னா ரொம்ப சூடு, நாக்கு பொத்துப்போற சூடாவும் இருக்கலாம். நைஸ் அண்ட் ஹாட்னா எப்படி வேணும்னு நினைச்சோமோ அப்படி வாய்ச்ச சூடு.

இதை மனசுல வாங்கிட்டீங்கன்னா எங்கெல்லாம் சொல்லக்கூடாதுன்னு தானா விளங்கிடும். ரூம் நைஸ் அண்ட் வார்ம், சரி. தண்ணி நைஸ் அண்ட் கோல்ட், வெயில்ல வந்தவனுக்குச் சரி. ஆனா பாட்டியோட கை சில்லுன்னு கிடக்குதுன்னா, நைஸ் அண்ட் கோல்ட்னு சொல்லிடாதீங்க. காய்ச்சல் அடிக்கிற நெத்தியைத் தொட்டுட்டு நைஸ் அண்ட் ஹாட்னு சொல்லவே கூடாது. அந்த நிலைமை உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் வந்துடும்.

உங்க வேலையில இது தினமும் காதுல விழுமே. ஸ்கேன் எடுக்கிற இடத்துல "கீப் நைஸ் அண்ட் ஸ்டில்"னு சொல்லுவாங்க. மூச்சு விடச் சொல்லும்போது "நைஸ் அண்ட் ஸ்லோ". வெறுமனே கீப் ஸ்டில்னா "ஆடாதே"ன்னு அதட்டின மாதிரி இருக்கும். நைஸ் அண்ட் சேர்ந்ததும் "அப்படியே ஆடாம இருங்க பாட்டி"ன்னு கையைப் பிடிச்சுச் சொல்ற தொனி வந்துடுது. பிரிட்டன்ல நைஸுக்குப் பதிலா "லவ்லி அண்ட் வார்ம்"னும் சொல்லுவாங்க. இன்னும் கொஞ்சம் பாசம் கூடுதல், அவ்வளவுதான்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். தமிழ்ல நாம புழங்குற நைஸ் வேற. மாவு நைசா அரைக்கணும், கூட்டத்துலேர்ந்து நைசா நழுவிட்டான், இதையெல்லாம் அங்க கொண்டுபோகாதீங்க. இங்கிலீஷ் நைஸுக்கு ஒரு பெரிய கதையே உண்டு. லத்தீன்ல "அறியாதவன்"னு பொருள் தர்ற சொல்லுலேர்ந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, முதல்ல முட்டாள்தனமானன்னு அர்த்தம் கொடுத்துச்சு. அப்புறம் நுணுக்கமான. 18ஆம் நூற்றாண்டுலதான் இப்ப இருக்கிற இனிமையானங்கிற பொருள் நல்லா ஊனிக்கிச்சு. அதுக்கு அப்புறம்தான் அடுத்த சொல்லைத் தூக்கி விடற வேலைக்கும் போயிருக்கு.

சொற்கள் இப்படி மாறுறது எல்லா மொழியிலயும் நடக்கிறதுதான். வெரிங்கிற சொல் பிரெஞ்சுலேர்ந்து வந்தப்போ "உண்மையான"ன்னுதான் பொருள். நம்ம "ரொம்ப" நிரம்பங்கிறதுலேர்ந்து வந்தது. "உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப"ன்னு தொல்காப்பியம் உரியியல்ல மிகுதியைக் காட்டுற சொற்களைத் தனியா எடுத்து வெச்சிருக்கு. அதுல நனியும் தவவும் இன்னைக்கு நம்ம பேச்சுல இல்லை. அந்த இடத்துல ரொம்ப, நல்லா, ஏன், பயங்கரம்கூட வந்து உட்கார்ந்திருக்கு. "பயங்கர டேஸ்ட்டு"ன்னு சொல்றோமே, அதுல எங்க பயம் இருக்கு?

சரி, குட் அண்டுக்கு வர்றேன். பாட்டிக்குக் கோவம் வந்தது இதுலதானே.

நம்ம "நல்ல"வையே எடுத்துக்கோங்க. நல்ல பசி, நல்ல வெயில், நல்ல காய்ச்சல் அடிக்குது, நல்லா மாட்டிக்கிட்டான், நல்லா திட்டு வாங்கினேன். காய்ச்சல் நல்லதா? திட்டு நல்லதா? அங்க "நல்ல"ன்னா முழுசா, குறைவில்லாமன்னு பொருள். அதுதான் குட் அண்ட். "குட் அண்ட் ஆங்க்ரி"ன்னா நல்ல கோவத்துல இருக்கான். "குட் அண்ட் ட்ரங்க்"னா நல்லா குடிச்சிருக்கான். நமக்கு ஒரே "நல்லா" ரெண்டு வேலையையும் பார்த்துடுது. அவங்களுக்கு இதமா இருக்கிறதுக்கு நைஸ் அண்ட், முழுசுன்னு சொல்றதுக்குக் குட் அண்ட்.

அப்போ "வென் ஐ ஆம் குட் அண்ட் ரெடி"? நான் முழுசா தயாராகும்போதுன்னு நேர் அர்த்தம். ஆனா புழக்கத்துல இது கொஞ்சம் வீம்பான பேச்சு. "எனக்கு எப்போ தோணுதோ அப்போதான் எழுந்திருப்பேன், என்னை அவசரப்படுத்தாதே." நீங்க குட், ரெடி ரெண்டையும் பிடிச்சுக்கிட்டீங்க, அதுக்கு முன்னாடி வந்த "வென்"னை விட்டுட்டீங்க. அந்த வென் வந்தாலே இன்னும் ரெடி ஆகலைன்னுதான் கணக்கு. படுக்கை, சாப்பாடு, குளியல்னு எல்லாத்துக்கும் அடுத்தவங்க கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிற வயசுல, ஒரு மனுஷி "என் நேரம் என் கையில"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துல போர்வை போச்சுன்னா கோவம் வரத்தான் செய்யும்.

இலக்கணத்துல ஒரு சின்ன விஷயம். இந்த ரெண்டும் பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசியிலதான் உட்காரும். த டீ இஸ் நைஸ் அண்ட் ஹாட். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி கொண்டுவந்தா அண்டை எடுத்துடுவாங்க, "அ நைஸ் ஹாட் கப் ஆஃப் டீ"ன்னு. "அ குட் அண்ட் ஆங்க்ரி மேன்"னா நல்லவன், கோவக்காரன்னு பழையபடி ரெண்டா உடைஞ்சு போயிடும். அப்புறம் இது பேச்சு வழக்கு. நீங்க தினமும் எழுதி வைக்கிற பராமரிப்புக் குறிப்புல இதைப் போட வேண்டாம், அங்க நேரா எழுதுங்க.

நாளைக்குக் காலையில பாட்டி மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னாங்கன்னா, போர்வையைத் தொடாதீங்க. "டேக் யுவர் டைம்"னு சொல்லிட்டு வெளியில வந்துடுங்க. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு, குளிக்கிற ரூம்ல ஹீட்டரைப் போட்டுட்டு, கதவுகிட்ட நின்னு "இட்ஸ் நைஸ் அண்ட் வார்ம் இன் தேர் நௌ"ன்னு சொல்லிப் பாருங்க. பாட்டி என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க சகோதரி.