கோடையில் ஓர் எருக்கஞ்செடி முன்னால்

[காட்சி: காய்ந்த வெற்று நிலம். நடுவே சாம்பல் பூத்த இலைகளோடு ஓர் எருக்கஞ்செடி. தூரத்தில் குயிலின் குரல்.]

வணக்கம். வெயில் காலத்தில் பறவை, பட்டாம்பூச்சி பார்க்க எங்கே போவது என்று கேட்பவர்களை நான் முதலில் எருக்கஞ்செடியிடம்தான் அனுப்புவேன். சுற்றிலும் புல் கருகிக் கிடக்கும்போதும் அது பூத்து நிற்கும். இலையை மெல்லத் தடவினால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும். உள்ளிருக்கும் ஈரம் வற்றாமல் காப்பது அந்த மெழுகுப் பூச்சுதான். கிள்ள மட்டும் வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

[நெருக்கமான காட்சி: இலையின் அடிப்புறம்]

இலைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக அசுவினி என்னும் குட்டிப் பூச்சிகள் அப்பியிருக்கும். அதைத் தாண்டித் தேடுங்கள். இதோ, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு! முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு, ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இது. மாடு வாய் வைக்காத இலையைத் தின்று, அதிலுள்ள நஞ்சை உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. இறக்கை முளைத்த பிறகும் அந்த நஞ்சு கூடவே இருக்கும். ஒரு தடவை கொத்திக் குமட்டிய பறவை, அப்புறம் அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடும். அதனால்தான் வெந்தய வரியனின் பறத்தலில் அவசரமே இருக்காது.

[காட்சி: இரண்டு ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள், அருகருகே]

இந்த இரண்டில் ஒன்றுதான் வெந்தய வரியன். மற்றது நஞ்சே இல்லாத வேறோர் இனத்தின் பெண். அதே ஆரஞ்சு, அதே கறுப்பு முனை, அதே வெள்ளைத் திட்டுகள். பறவையை ஏமாற்ற இது போதும். நாம் ஏமாற வேண்டியதில்லை. பின்னிறக்கையின் நடுப்பகுதியைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு அங்கே மூன்று, நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். வேடதாரிக்கு நடுவில் எதுவும் கிடையாது, மேல் விளிம்பில் ஒரே ஒரு புள்ளி. இதை முதன்முதலில் நானே கண்டுபிடித்த காலையை இன்னும் மறக்கவில்லை.

பூவில் ரீங்கரிக்கும் கரிய பெரிய வண்டைக் கண்டு பயப்பட வேண்டாம், அது மரத்தில் துளையிட்டு வாழும் தேனீ இனம். எருக்கின் மகரந்தத்தைச் சுமந்து செல்வது அதுதான்.

தூரத்தில் கூவுகிறதே, அது ஆண் குயில். கறுப்பு உடல், சிவப்புக் கண். பெண்ணோ பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. பலர் அதை வேறு பறவை என்றே நினைக்கிறார்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், எத்தனை, எந்தச் செடியில். செடியின் பெயரை விட்டால் பாதி விஷயம் போய்விடும்.

[காட்சி: வெடித்த காய், காற்றில் பட்டுப் பஞ்சு]

சரி, கிளம்புமுன் வெடித்த காய்களையும் பாருங்கள். தேன்சிட்டின் கூட்டுக்குள் இதுபோன்ற மெல்லிய பஞ்சுதான் மெத்தை. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் பெண்தான் கூடு கட்டும். அதோ, அலகில் பஞ்சோடு ஒன்று பறக்கிறது. எந்தக் கிளைக்குப் போகிறது என்று பாருங்கள்.